தன் கையே தனக்குதவி – ஐரோப்பாவுக்கும்!

    

"ஐரோப்பாவின் பாதுகாப்புக்குப் பெரிதும் உகந்தது தன் கையே, தோழன் கையே" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் தோழன் கைக்காக ரொம்ப அழகாகப் பேசினார். அமெரிக்கா என்கிற குடை இல்லையென்றால் ஐரோப்பா நனைந்து, சளி பிடித்து, ஜுரம் வந்து படுத்திருக்கும் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குத் தட்டணும், அது மரபு. ஆனா ஒன்று கேட்கிறேன் ஐயா. குடை இருக்கு, சரி. பிடி யார் கையிலே இருக்கு? (சிரிப்பு, கைதட்டல்)

அவர் இஸ்மே பிரபு பெயரில் வழங்கும் வாசகத்தையும் சொன்னார். ரஷ்யாவை வெளியே வைக்க, அமெரிக்காவை உள்ளே வைக்க, ஜெர்மனியைக் கீழே வைக்கத்தான் நேட்டோ பிறந்தது என்று. இந்த இஸ்மே நமக்குப் புதியவர் அல்ல. 1947-ல் மவுண்ட்பேட்டனின் தலைமை அதிகாரியாக டில்லியில் உட்கார்ந்து, நம் நாடு இரண்டாக வெட்டப்பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பிறகு 1952-ல் நேட்டோவின் முதல் பொதுச் செயலாளர் ஆனார். அந்த வாசகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளியே ஒருவன், உள்ளே ஒருவன், கீழே ஒருவன். இவ்வளவு பேருக்கு இடம் ஒதுக்கியாச்சே, வீட்டுக்காரனுக்கு எங்கே இடம்?

வீட்டுக்காரன் தனக்கென்று ஒரு இடம் கேட்ட கதை ஒன்று உண்டு. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். பாடப் புத்தகங்களில் ஒரு பத்தியோடு முடித்துவிடுவார்கள். எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். நடுவர் மணி மேலே கை வைக்காமல் இருக்கணும்.

1950 ஜூன் 25. கொரியாவில் போர் மூண்டது. ஆசியாவில் வெடித்த சத்தம் ஐரோப்பாவில் கேட்டது. அங்கே ஒரு கொரியா இரண்டாகப் பிளந்து கிடந்த மாதிரி, இங்கே ஒரு ஜெர்மனி இரண்டாகப் பிளந்து கிடந்தது. அங்கே நடந்தது இங்கே நடக்காதா? அமெரிக்கா கணக்குப் போட்டது. ரஷ்யப் படை வந்தால் தடுக்க ஆள் வேண்டும், மேற்கு ஜெர்மனியில் ஆள் இருக்கு, அவன் கையில் துப்பாக்கி கொடுங்கள் என்றது. செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அச்சிசன் இதை நேராகவே கேட்டுவிட்டார்.

இப்போ பிரான்ஸில் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், எந்த ஊர்ப் பாட்டியாகவும் இருக்கட்டும். வயது தொண்ணூறு. சின்னக் குழந்தையாக இருந்தபோது 1870-ல் ஜெர்மானியப் படை வந்தது. 1914-ல் மறுபடி வந்தது. அந்தப் போரில் பிரான்ஸ் இழந்த வீரர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். 1940-ல் மூன்றாம் தடவை வந்து பாரிஸுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ஒரே ஆயுளில் மூன்று தடவை! ஒராதூர் என்று ஒரு கிராமம். 1944 ஜூன் 10-ஆம் தேதி, ஒரே பகலில் 640 பேருக்கு மேல் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கோயிலுக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். அந்தக் கிராமத்தை இன்றுவரைக்கும் திருப்பிக் கட்டவில்லை. எரிந்தது எரிந்தபடி நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கொலைக்கான வழக்கே 1953-ல்தான் போர்தோ நகரத்தில் நடந்தது. அந்தப் பாட்டியிடம் போய், "ஆச்சி, ஜெர்மன்காரன் கையில் மறுபடியும் துப்பாக்கி கொடுக்கப் போறோம்" என்று சொன்னால், என்ன சொல்வாள்?

எதிரணியினர் வரலாற்றை ஆயுதக் கணக்காகப் பேசினார்கள். நான் அந்தப் பாட்டியின் பயத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன். அது வெறும் மூடத்தனம் இல்லை. பட்ட வடு.

இந்த இடத்தில்தான் பிரான்ஸ் ஒரு யோசனை சொன்னது. யோசனையின் மூளை ழான் மொனே; அதை 1950 அக்டோபர் 24-ல் நாடாளுமன்றத்தில் வைத்தவர் பிரதமர் ரெனே ப்ளேவன். யோசனை என்ன? ஜெர்மன்காரன் கையில் துப்பாக்கி இருக்கட்டும். ஆனால் ஜெர்மன் படை என்று ஒன்று இருக்கக் கூடாது. எல்லோரையும் கலந்து ஐரோப்பியப் படை ஒன்று. அதற்கு ஓர் ஐரோப்பியப் பாதுகாப்பு அமைச்சர். ஒரே பட்ஜெட். இரும்பையும் நிலக்கரியையும் பொதுவில் வைக்கலாம் என்று அந்த ஆண்டு மே மாதம்தான் பேசியிருந்தார்கள். இரும்பு பொதுவானால், அந்த இரும்பில் செய்கிற துப்பாக்கியும் பொதுவாகட்டுமே என்றார் மொனே.

முதலில் அமெரிக்கத் தளபதிகள் சிரித்தார்கள். ஒரு கம்பெனியில் பிரெஞ்சுக்காரன், பக்கத்துக் கம்பெனியில் ஜெர்மன்காரன், அதற்கடுத்து இத்தாலிக்காரன். "சுடு" என்று சொன்னால் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எதிரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவானே! (சிரிப்பு) அதனால் பேசிப் பேசித் திட்டத்தை மாற்றினார்கள். சுமார் 13,000 பேர் கொண்ட பிரிவுகள், ஒவ்வொரு பிரிவும் ஒரே நாட்டுக்காரர்கள், அதற்கு மேலே போனால் கலப்பு என்று வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை. நிர்வாகம் செய்ய ஒன்பது பேர் கொண்ட ஆணையம். 1952 மே 27, பாரிஸ். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆறு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்!

நடுவே ஒரு வேடிக்கை. ஐரோப்பியப் படை வேண்டும் என்று 1950 ஆகஸ்டில் ஸ்ட்ராஸ்பூர்க் மேடையில் முழங்கியவர் யார் தெரியுமா? வின்ஸ்டன் சர்ச்சில். அப்போது அவர் எதிர்க்கட்சி. 1951-ல் ஆட்சிக்கு வந்தார். "வாங்க, சேருங்க" என்று கூப்பிட்டார்கள். "வாழ்த்துகிறேன், ஆனால் நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவர் பந்திக்கு வரமாட்டேன் என்கிற கதை. எதிர்க்கட்சியில் ஒரு பேச்சு, ஆளுங்கட்சியில் ஒரு பேச்சு; இதை எங்கேயும் பார்த்த மாதிரி இருக்கா என்று என்னைக் கேட்காதீர்கள். (பலத்த சிரிப்பு)

மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பர்க் நாலும் தங்கள் நாடாளுமன்றத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டன. இத்தாலி, "பிரான்ஸ் செய்யட்டும், பிறகு நான்" என்று காத்திருந்தது. பிரான்ஸோ, யோசனை சொன்ன பிரான்ஸோ, நாளைக் கடத்தியது. ஒரு அரசாங்கம் விழும், அடுத்தது வரும், "இப்போ வேண்டாம்" என்று கோப்பை மூடும். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். ஜூலையில் கொரியப் போர் நின்றது. பயம் குறைந்தது, பயம் குறைந்தால் ஒற்றுமையும் குறையும் போலிருக்கிறது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் அந்த டிசம்பரில் பாரிஸுக்கே வந்து, இதை நிறைவேற்றாவிட்டால் ஐரோப்பாவைப் பற்றி எங்கள் கொள்கையையே வேதனையோடு திருப்பிப் பார்க்க நேரும் என்று மிரட்டினார். மிரட்டினால் பிரெஞ்சுக்காரன் கேட்பானா? இன்னும் முறுக்கிக்கொண்டான்.

1954 மே 7-ல் வியட்நாமில் தியன் பியன் பூ விழுந்தது. பிரெஞ்சுப் படைக்குப் பெரிய அவமானம். ஜூனில் மெந்தெஸ் பிரான்ஸ் என்பவர் பிரதமரானார். இந்தப் பெயரைப் புதுச்சேரிக்காரர்கள் கவனிக்கணும். சபையில் யாராவது இருக்கீங்களா? (கைகள் உயர்கின்றன) இவருடைய அரசாங்கம்தான் அந்த அக்டோபர் 21-ல் நம்மோடு ஒப்பந்தம் செய்து, நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியையும் காரைக்காலையும் இந்தியாவிடம் ஒப்படைத்தது. இந்தோசீனாவில் போரை முடித்தவரும் இவர். எதையும் இழுத்தடிக்காமல் தீர்க்கணும் என்கிற மனிதர். ஐரோப்பியப் படையையும் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆகஸ்ட் 30. பிரெஞ்சு நாடாளுமன்றம். எதுவார் எரியோ என்று ஒரு முதுபெரும் தலைவர், வயது 82, உடம்பு முடியவில்லை. எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பேசினார். வாழ்நாளெல்லாம் ஐரோப்பிய ஒற்றுமைக்குப் பேசியவர், இந்த ஒப்பந்தம் பிரான்ஸின் முடிவு என்று எதிர்த்துப் பேசினார். இடது ஓரத்தில் கம்யூனிஸ்டுகள், "இது அமெரிக்கச் சதி" என்றார்கள். வலது பக்கத்தில் டிகால் ஆட்கள், "பிரெஞ்சுப் படையை யாருக்கும் அடகு வைக்க மாட்டோம்" என்றார்கள். ஒருத்தரை ஒருத்தர் முகம் கொடுத்துப் பார்க்காதவர்கள் ஒரே பக்கம் கை தூக்கினார்கள். அதுவும் ஒப்பந்தத்தைப் பற்றிய வாக்கெடுப்புகூட இல்லை. "இதை விவாதிக்கவே வேண்டாம்" என்கிற தீர்மானத்தின் மேல் வாக்கெடுப்பு. 319-க்கு 264. ஐம்பத்தைந்து வாக்கில் ஐரோப்பியப் படை பிறக்காமலே செத்தது. எதிர்த்தவர்கள் எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள்.

சரி, பாட்டியின் பயம் ஜெயித்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் வரலாறு குறும்பு பண்ணுகிறது. பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ஆன்டனி ஈடன் ஊர் ஊராகப் பறந்து வேறொரு ஏற்பாடு செய்தார். அக்டோபர் 23-ல் பாரிஸில் புது ஒப்பந்தம். மேற்கு ஜெர்மனிக்குச் சொந்தப் படை, நேட்டோவில் நாற்காலி. அணுகுண்டு, கிருமி ஆயுதம், ரசாயன ஆயுதம் மூன்றையும் எங்கள் மண்ணில் செய்ய மாட்டோம் என்று அடெனாவர் எழுதிக் கொடுத்தார். டிசம்பர் 30-ல் அதே பிரெஞ்சு நாடாளுமன்றம் இதை ஏற்றுக்கொண்டது! நாலே மாதம். எந்த ஜெர்மன் படை வரக்கூடாது என்று கலப்புப் படையை யோசித்தார்களோ, அந்தக் கலப்புப் படையைக் கொன்றுவிட்டு, ஜெர்மன் படையையே முழுசாக வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மே மாதம் ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. சில நாளில், மே 14-ல், எதிர்ப்பக்கம் வார்சா ஒப்பந்தம் வந்தது.

என் எதிரணிச் சகோதரி குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறார் என்று தெரியும். "அந்த ஐரோப்பியப் படையே போர்க்காலத்தில் நேட்டோ தளபதிக்குக் கீழேதானே இருந்திருக்கும்? அவர் அமெரிக்கர்தானே? அப்புறம் என்ன தன் கை?" என்று கேட்பார். உண்மைதான் அம்மா. அந்த ஓட்டை ஒப்பந்தத்தில் இருந்தது. டிகால் அதைத்தான் குத்திக் காட்டினார். ஆனால் படை, பட்ஜெட், அமைச்சகம் மூன்றும் ஒரு தடவை பொதுவில் வந்துவிட்டால், தளபதி யார் என்பதைப் பத்து வருஷம் கழித்து மாற்றலாம். வீடு இருந்தால்தானே வாசலை மாற்றி வைக்க முடியும்? வீடே இல்லாமல் எழுபது வருஷமாக வாசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வீடு இல்லாததன் விலை தெரிய இரண்டு வருஷம்தான் ஆயிற்று. 1956, சூயஸ். ஜூலை 26-ல் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலோடு ரகசியமாகச் சேர்ந்து எகிப்தை அடித்தன. நான் ஒளிக்காமல் சொல்கிறேன், அது அநியாயம். நியாயம் நாசர் பக்கம். நான் காட்ட வருவது அது எப்படி நின்றது என்பதை. நவம்பர் 4-ல் ரஷ்ய டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்து ஹங்கேரி எழுச்சியை நசுக்கின. ஐரோப்பாவின் நடுவில் ஒரு தலைநகரம் எரிகிறது. அதைக் கேட்க ஐரோப்பாவுக்கு நாதி இல்லை. மறுநாள் ரஷ்யா லண்டனையும் பாரிஸையும் மிரட்டிக் கடிதம் அனுப்பியது. சரி, எதிரி மிரட்டினான். தோழன் என்ன செய்தான்? பவுண்டு நாணயம் சரிந்துகொண்டிருந்தது. ஈடன் கடனுக்குக் கை நீட்டினார். போரை நிறுத்தினால்தான் பணம் என்றது அமெரிக்கா. அவ்வளவுதான். நவம்பர் 6-ஆம் தேதி பிரிட்டன் நிறுத்திவிட்டது. பிரான்ஸுக்கு வேறு வழியில்லை. ஈடன் தொலைபேசியில் அதைச் சொன்னபோது பிரெஞ்சுப் பிரதமர் மொலேயோடு பாரிஸில் இருந்தவர் யார்? ஜெர்மனியின் அடெனாவர்! இரண்டு பழைய எதிரிகளும் அன்றைக்கு ஒரே பாடத்தை ஒரே அறையில் படித்தார்கள். ஐந்தே மாதத்தில், 1957 மார்ச் 25-ல், ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அடி ஒன்று, பாடம் இரண்டு. பிரிட்டன் எடுத்துக்கொண்டது: இனிமேல் அமெரிக்காவுக்கு எதிராகக் கால் எடுத்து வைக்கக் கூடாது. பிரான்ஸ் எடுத்துக்கொண்டது: இனிமேல் அமெரிக்காவை நம்பி இருக்கக் கூடாது. 1960 பிப்ரவரி 13-ல் சகாராவில் தன் சொந்த அணுகுண்டை வெடித்தது. 1966-ல் டிகால் நேட்டோவின் கூட்டுத் தலைமையில் இருந்து பிரெஞ்சுப் படையை விலக்கி, அமெரிக்கப் படைகளையும் கிளம்பச் சொன்னார். பாரிஸில் இருந்த நேட்டோ தலைமையகம் மூட்டை கட்டிக்கொண்டு பிரஸ்ஸல்ஸுக்குப் போனது. 2009-ல்தான் பிரான்ஸ் திரும்பி வந்தது. டிகால் செய்தது ஐரோப்பாவுக்கா, பிரான்ஸுக்கா என்று கேட்டால், பிரான்ஸுக்குத்தான். அதையும் ஒத்துக்கொள்கிறேன். தனி ஒருவன் மார் தட்டினால் அது குடும்பத்தின் பலம் ஆகாது.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். 1991-ல் யூகோஸ்லாவியா உடைந்தபோது, இது ஐரோப்பாவின் நேரம் என்று ஐரோப்பிய அமைச்சர்கள் மார்தட்டினார்கள். 1995 ஜூலையில் ஸ்ரப்ரனிட்சாவில், ஐ.நா. கொடியின் கீழ் சில நூறு நெதர்லாந்து வீரர்கள் கண்ணெதிரே, ஊர் பிடிபட்டது. சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சமாதானம் எங்கே பேசினார்கள்? அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து விமானப்படைத் தளம் ஒன்றில். 1999-ல், 60 நாளில் 60,000 வீரர்களை அனுப்பும் திறன் எங்களுக்கு வரும் என்று ஹெல்சிங்கியில் தீர்மானம் போட்டார்கள். 2007-ல் சண்டைப் பிரிவுகள் தயார் என்றார்கள். அவை ஒரு தடவைகூடப் போர்முனைக்குப் போகவில்லை. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருக்கிற மாதிரி. (சிரிப்பு)

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. அப்போது நேட்டோ இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்றார் எதிரணித் தலைவர். ஃபின்லாந்தும் சுவீடனும் இத்தனை வருஷம் ஒதுங்கி இருந்துவிட்டு 2023-லும் 2024-லும் ஓடிவந்து சேர்ந்தனவே என்றார். நல்ல கேள்வி. நான் அதை மறுக்கவில்லை. மழை கொட்டும்போது யாரும் குடையை வீச மாட்டான். ஆனால் 2023 மார்ச்சில் ஒரு வருஷத்துக்குள் பத்து லட்சம் பீரங்கிக் குண்டு தருகிறோம் என்று உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்த ஐரோப்பிய ஒன்றியம், கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதிதான் கொடுத்திருந்தது. பணம் இல்லையா? உலகத்தின் பெரிய பணக்காரச் சந்தை அது! குண்டு செய்யும் ஆலை இல்லை. ஏன் இல்லை? எப்படியும் தோழன் கொண்டுவருவான் என்கிற நினைப்பு. 2025 மார்ச்சில் அந்தத் தோழன் உக்ரைனுக்கு ஆயுதத்தை நிறுத்தினான். உளவுத் தகவலையும் நிறுத்தினான். ஒரு வாரம்தான், பிறகு திறந்துவிட்டான். அந்த ஒரு வாரத்தில் போர்முனையில் நின்றவனுடைய தாய் எப்படித் தூங்கியிருப்பாள்? அதே வாரத்தில்தான் பிரஸ்ஸல்ஸில் 80,000 கோடி யூரோ வரை திரட்டலாம் என்று திட்டம் அறிவித்தார்கள்.

அமெரிக்காவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் தன் நலனைப் பார்க்கிறான். அவனைத் தேர்ந்தெடுத்தது ஒஹாயோ வாக்காளன், போலந்து வாக்காளன் இல்லை. நேட்டோவின் ஐந்தாம் விதி, ஒருவனை அடித்தால் எல்லோரையும் அடித்த மாதிரி என்கிற விதி, இதுவரை ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டது. 2001 செப்டம்பரில், அமெரிக்காவுக்காக! ஐரோப்பியப் பிள்ளைகள் ஆப்கானிஸ்தானம் போய் உயிர் கொடுத்தார்கள். தோழமைக்கு அவர்கள் கடன்பட்டவர்களே இல்லை. வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவர், தன் பலத்தையும் எதிரி பலத்தையும் கூட வருகிறவன் பலத்தையும் தனித்தனியாகத் தராசில் வைக்கச் சொல்கிறார். ஐரோப்பா மூன்றாவது தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, முதல் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

(மணி ஒலிக்கிறது)

இதோ முடித்துவிட்டேன் ஐயா, ஒரே ஒரு செய்தி. அந்த 1952 ஒப்பந்தம் இருக்கிறதே, பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் செத்துப்போனது என்று சொன்னேனே, அதைச் சட்ட அறிஞர்கள் சிலர் இப்போது தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். நாலு நாடுகள் கொடுத்த ஒப்புதலை யாரும் திரும்பப் பெறவில்லை. பிரான்ஸும் இத்தாலியும் இன்றைக்கு ஒப்புதல் கொடுத்தால் அது உயிர் பெறும் என்று வாதாடுகிறார்கள். இத்தாலியில் 2025-ல் நாடாளுமன்றம் வரைக்கும் அந்தப் பேச்சு போயிருக்கிறது. எழுபது வருஷத்துக்கு முந்தின காகிதம், மை காய்ந்த கையெழுத்து. தன் கை எங்கே என்று இன்றைக்கும் அதற்குள்ளேதான் தேடுகிறார்கள்.

 (கைதட்டல்)